தண்ணீர் ஊற்றாத டின்

என் வாழ்நாளில் நானாகக் கண்டுபிடித்த விஞ்ஞான உண்மை ஒன்றே ஒன்றுதான்: பச்சைப்பயறு தண்ணீர் இல்லாமல்தான் செழிப்பாக வளரும். இதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. நோட்டில் எழுதி, படம் வரைந்து, கீழே 'அஞ்சலை' என்று கையெழுத்தும் போட்டு, ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். பிற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவளும் இதே அஞ்சலைதான். (என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

அப்போது நாங்கள் மலாயாவில், கலும்பாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி அடித்து, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி வெளியே போக முடியாது. ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டப் போகிறவர்கள் வெறும் தண்ணீரோடுதான் போனார்கள். கடையில் டின்பால் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார், சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடுவோமாம். முழு டின் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

தோட்டத்துப் பெண்பிள்ளை ஆறாம் வகுப்பை முடித்தால் அடுத்தது பெரட்டுதான். விடியற்காலையில் வரிசையில் நின்று மண்டோர் என்கிற மேஸ்திரியிடம் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதற்கு அப்படிப் பெயர். எனக்கும் அம்மா மண்டோரிடம் சொல்லிவைத்துவிட்டாள். அடுத்த மாதத்திலிருந்து நானும் உளியோடும் வாளியோடும் போகவேண்டியதுதான். அந்தச் சமயத்தில் எங்கள் தோட்டப் பள்ளி வாத்தியார் சாமிநாதனுக்குக் பக்கத்து டவுனான கோலா குபு பாருவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஆங்கிலப் பள்ளியில் பெண்களுக்கு விஞ்ஞான வகுப்பு தொடங்குகிறார்கள். தோட்டத்துப் பெண் ஒருத்திகூட அந்தப் பக்கம் வருவதில்லை என்பதால் அவர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே ஓர் இடம். ஆசைப்படுகிறவள் வீட்டில் ஒரு சோதனை செய்து, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்கு வரவேண்டும்.

வாத்தியார் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"விஞ்ஞானம்னா என்னா வாத்தியாரே?" என்று அம்மா கேட்டாள்.

வாத்தியார் கடிதத்தை மடித்தார். "எல்லாத்துக்கும் காரணம் கண்டுபிடிக்கிறதும்மா."

"அதுக்கு எதுக்கு கோலா குபு வரைக்கும் போகணும்? இவ இங்கயே எதச் சொன்னாலும் ஒரு காரணம் வச்சிருப்பா."

ஆனாலும் சம்மதித்தாள். இடம் கிடைத்தால் பள்ளிக்கூடம், கிடைக்காவிட்டால் பெரட்டு. அவ்வளவுதான் பேச்சு.

சோதனை மிகவும் எளிது. (பின்னாளில் இதையே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.) இரண்டு டின்களில் மண் போட வேண்டும். ஊறவைத்த பச்சைப்பயறு பத்துப் பத்து விதைக்க வேண்டும். முதல் டின்னுக்குத் தினமும் ஒரு கரண்டி தண்ணீர். இரண்டாவது டின்னுக்கு ஒரு சொட்டும் கூடாது. பத்து நாள் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். தண்ணீர் ஊற்றாதது செத்துப்போகும் என்பதையும் வாத்தியார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். டின்னுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? ஓட்டையோடு நிறையக் கிடந்தன. ஓட்டை அடியில் வரும்படி மறுபக்கத்தை வெட்டி, மண் நிரப்பி, வாசல் ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகையில் வைத்தேன். கரித்துண்டால் ஒன்றில் 'தண்ணீர் உண்டு' என்றும் மற்றதில் 'தண்ணீர் இல்லை' என்றும் எழுதினேன்.

அந்த இடத்தில் வைத்ததுதான் என் முதல் தப்பு. தண்ணீர்க் குழாய்க்குப் போய்வரும் வழி அது. லயத்தில் இருக்கிற அத்தனை பேரும் குடத்தோடும் வாளியோடும் அந்தப் பலகையைக் கடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

"ஏன்டி, இதுக்கு மட்டும் ஏன் தண்ணி கெடையாது?" என்று முதல் நாளே பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா நின்றுவிட்டார்.

"அது சோதனைக்கா. அது சாகணும்."

"சாகணுமா? அது உனக்கு என்னாடி பண்ணுச்சு?"

முதன்முதலாக ஒரு விஷயத்துக்கு என்னிடம் காரணம் இல்லாமல்போனது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் இரண்டு டின்னிலும் முளை வந்தது. நான்காம் நாள் காலையில் இரண்டாவது டின்னைத் தொட்டுப் பார்த்தேன், மண் ஈரமாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டில், 'மண் ஈரம். காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். ஐந்தாம் நாளும் ஈரம். பனியாக இருக்கலாம் என்று நினைத்து மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தேன். ஆறாம் நாள் கூடைக்குள்ளும் ஈரம். 'பனி இல்லை. காரணம் தெரியவில்லை.' அளவுகோல் கிடையாது, தீக்குச்சியால்தான் உயரம் அளப்பேன். முதல் டின் ஒன்றரைக் குச்சி. இரண்டாவது டின் இரண்டரைக் குச்சி, இலையும் கரும்பச்சை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காவல் இருப்பது என்று முடிவுசெய்து பலகைக்கு எதிரே உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. மத்தியானம் முனியம்மா அக்கா வந்து, கோழி ஒன்று வேலிப்பக்கம் போய்விட்டது, பிடித்துக் கொடு என்றார். பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மண் சொதசொதவென்று இருந்தது. அப்போதாவது எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டுமா இல்லையா? தோன்றவில்லை. கோழிக்கும் ஈரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அரைமணி நேரம் யோசித்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். "கடவுள் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த சொம்போடு வேகமாக உள்ளே போனாள். டின்னைத் தோட்டப் பள்ளிக்கு எடுத்துப்போய் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் டின்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இயற்கை லா, நம்ம கையில என்னா இருக்கு" என்றார். (எங்கள் ஊரில் எந்தப் பேச்சுக்கும் ஒரு 'லா' வால் உண்டு.) முதல் டின் நோஞ்சானாக நின்றது. நான் ஊற்றும் ஒரு கரண்டி தண்ணீர்தான் அதைக் கெடுக்கிறதோ என்று சந்தேகம் வந்து, ஒன்பதாம் நாள் அதற்கும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். பத்தாம் நாள் இரவு முடிவுரை எழுதினேன்: 'பச்சைப்பயறு தண்ணீர் இல்லாமல் நன்றாக வளர்கிறது. காற்றில் ஏதோ இருக்கிறது.'

மறுநாள் காலை நானும் அம்மாவும் வாத்தியாரும் ஆளுக்கு ஒரு முழி முழித்துக்கொண்டு கேட்டில் நின்றோம். பச்சைப்பயறு உணவுப்பொருள் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. கேட்டில் இருந்த ஓஸ்மான் என்கிற மலாய்க் காவலர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கச்சாங்" என்றார். பயறு என்று அர்த்தம். அடுத்து, "தா போலே" என்றார். முடியாது என்று அர்த்தம்.

வாத்தியார் ஓடிப்போய்க் கிராணியைக் கூட்டிவந்தார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், தோட்டத்தில் துரைக்கு அடுத்த பெரிய மனிதர். அவர் நின்றபடியே ஒரு கடிதம் எழுதி, அதை மலாயில் வாசித்துக் காட்டினார். இந்தப் பெண் கொண்டுபோவது சாப்பாடு அல்ல, விஞ்ஞானம். செடிகள் மொத்தம் இருபது. இதில் இரண்டாவது டின் பத்து நாளாகத் தண்ணீர் இல்லாமல் இருக்கிறது.

ஓஸ்மான் கடைசி வரியைக் கேட்டதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு செடிகளை ஒவ்வொன்றாக எண்ணி, திரும்பி வரும்போது இருபதும் இருக்க வேண்டும் என்று சொல்லி டின்களை மேசையில் வைத்துக்கொண்டார். என்னையும் அம்மாவையும் பெண் காவலாளி சோதனைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். திரும்பி வந்து டின்களை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ்ஸில் என் பாவாடை நனைந்தது. காரணம் தெரியவில்லை.

கோலா குபு பாருவில் பள்ளி வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் மகள் ஜெயமணி. மடியில் இரண்டு டின். ஒன்றில் பயிர் நன்றாக நின்றது. மற்றதில் காய்ந்து கருகிய பத்து நூல்கள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, ஒரு டின் செத்துப்போய்விட்டதே! என் இரண்டாவது டின்னை அவள் கண்ணில் படாமல் கொஞ்சம் மறைத்தும் வைத்தேன்.

"கவலப்படாத. அடுத்த தடவ நல்லா வரும்" என்றேன்.

ஜெயமணி என்னையும் என் டின்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது.

முகம் கழுவிவிட்டு வரச்சொல்லி அம்மா அனுப்பினாள். வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். துரைசாணிக்கு நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி, முன்னால் நிறையக் காகிதங்கள். அவர் ஆங்கிலத்தில் கேட்பதை வாத்தியார் தமிழில் சொல்ல வேண்டும். அம்மா கதவோரம் நின்றாள். நான் இரண்டு டின்னையும் நோட்டையும் மேசைமேல், காகிதங்களுக்கு நடுவில் பெருமையாக வைத்தேன்.

"எது தண்ணி ஊத்தினதுன்னு கேக்கறாங்க."

நோஞ்சானைக் காட்டினேன். துரைசாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப இதுக்கு?"

"ஒரு சொட்டுகூட ஊத்தல வாத்தியாரே. எங்கம்மா மேல சத்தியமா."

கதவோரத்தில் அம்மா இருமினாள். அந்த நேரம் பார்த்து, கடைக்காரர் ஆணியால் போட்ட ஓட்டை வழியாக இரண்டாவது டின் ஒரு சொட்டு விட்டது. பிறகு இன்னொன்று. பிறகு கோடாக. தண்ணீர் துரைசாணியின் காகிதங்களுக்கு அடியில் போய், மறுபக்கம் வந்து, அவர் மடியில் இறங்கியது.

நான் தண்ணீரைப் பார்த்தேன். துரைசாணி என்னைப் பார்த்தார். வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

துரைசாணி ஏதோ கேட்டார். வாத்தியார் அதைத் தமிழில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டார். வாத்தியாருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. "யாரு ஊத்தினதுன்னு கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் துரைசாணியிடம் திரும்பி ஆங்கிலத்தில் தாமே பதில் சொல்ல ஆரம்பித்தார். நெஞ்சில் கைவைத்துச் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் முகம் கழுவப் போன நேரத்தில் ஊற்றியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன நாளிலும் ஊற்றியிருக்கிறார்.

"நீங்களா வாத்தியாரே? நீங்கதான ஊத்தக் கூடாதுன்னீங்க!"

"தெரியும்மா. ஆனா பாவமா இருந்துச்சு."

"அவர ஏன்டி திட்டற?" என்று கதவோரத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நான்தான் தெனம் காலையில ஊத்தினேன். ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்குக் குடுக்காம இருக்கறது எந்த ஊரு நாயம்? துரைசாணியம்மாகிட்டயே கேளு."

வாத்தியார் அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தார். எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. பெரட்டு வரிசையில் நான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே டின்களை எடுத்தேன். துரைசாணி 'இரு' என்று கைகாட்டிவிட்டு, நனைந்த நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். 'காரணம் தெரியவில்லை' என்பது ஆறு இடத்தில் இருந்தது. வாத்தியார் ஆறு தடவையும் அதை ஆங்கிலத்தில் சொன்னார், ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இது சாகும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்கல்ல, செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கலாமேன்னு கேக்கறாங்க."

"எழுதியிருக்கலாம். ஆனா சாகலையே" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

துரைசாணி என்ன நினைத்தாரோ, சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அந்த ஓர் இடம் ஜெயமணிக்குத்தான், அது நியாயம் என்றார். என்னை அதே சோதனையை மறுபடி செய்துகொண்டு வரச்சொன்னார். ஒழுங்காகச் செய்தால் இன்னோர் இடத்துக்கு அவரே கேட்டு எழுதுவாராம். ஒரே நிபந்தனை: டின்கள் பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது கேட்டில் ஓஸ்மான் செடிகளை எண்ணினார். இருபதும் இருந்தன. அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். இரண்டாவது டின்னைத் தட்டிக்காட்டி, "நல்லா குடிச்சதா? காலையில நான் குடுத்தேன் லா" என்றார், பெரிய தர்மம் செய்தவராட்டம்.

வீட்டுக்குப் போனதும் விஷயம் லயம் முழுக்கப் பரவி, ஒவ்வொருவராக வந்து ஒப்புக்கொண்டார்கள். முனியம்மா அக்கா அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறார். (இலை ஏன் அவ்வளவு கரும்பச்சை என்பது அப்போதுதான் விளங்கியது.) அப்பா, "நான் வாய் கொப்புளிக்கிற தண்ணியத்தான் துப்பினேன், அது கணக்கில வருமா?" என்றார். ஒவ்வொருவரும் தாம் ஒருவர் மட்டும்தான் ஊற்றுவதாக நினைத்திருக்கிறார்கள். முதல் டின்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத்தான் நான் இருக்கிறேனே!

இரண்டாவது சோதனை அரிசி ஸ்டோருக்குள் நடந்தது. தோட்டத்திலேயே மிகப் பத்திரமான இடம் அதுதான். கம்பிவலை ஜன்னல், இரட்டைப் பூட்டு, சாவி கிராணியிடம். தினமும் காலையில் அவர் திறந்து, பக்கத்தில் நிற்க, நான் ஒரு டின்னுக்கு மட்டும் ஒரு கரண்டி ஊற்றுவேன். ஐந்தாம் நாளிலிருந்து கிராணியும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தாம் நாள் இரண்டாவது டின் ஒழுங்காகச் செத்தது. லயம் இருந்த இருப்பில் துக்கவீடே தோற்றது. முனியம்மா அக்கா, "பாவி, கொன்னுட்டியேடி" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. பஸ்ஸில் போகும்போது அம்மா செத்த டின்னை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாவில்தான் எனக்கு விஞ்ஞான வகுப்பில் இடம் கிடைத்தது.

அதன்பிறகு நான் படித்தேன், வேலைக்குப் போனேன், ஓய்வும் பெற்றேன். பிரிவு உபசார விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் மனிதருக்கு என்னவோ ஆகிவிடுகிறது. "அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து ஒரு பெண் விஞ்ஞானம் படிக்க வந்தாள். அவளுக்கு வழிகாட்ட ஆள் இல்லை. கைதூக்கிவிட ஆள் இல்லை. யாருடைய உதவியும் இல்லாமல், தன் சொந்த முயற்சியால்..." என்று நான் குரலை உயர்த்தி ஒரு நிறுத்து நிறுத்தினேன்.

முன்வரிசையில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய என் அம்மா பக்கத்திலிருந்த என் மகனிடம் திரும்பி, காது கேட்காதவர்கள் பேசும் சத்தத்தில் சொன்னாள்:

"ரெண்டாவது டின்னு!"

என் குடும்பத்தார் உட்கார்ந்திருந்த வரிசை முழுக்க விழுந்துவிழுந்து சிரித்தது. நான் படிக்கப் போன நாட்களில் என் பஸ்ஸுக்காகக் கேட்டை ஐந்து நிமிஷம் முன்னதாகவே திறந்துவைத்த ஓஸ்மான் ஞாபகத்துக்கு வந்தார். தன் கல்யாணப் புடவையின் பாதியைக் கிழித்து எனக்குத் தாவணி தைத்துக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்ற முனியம்மா அக்கா வந்தார். மேடையிலேயே அழுதுவிட்டேன். பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் யார், எதை, நானாகவே செய்தேன் என்று சொன்னாலும் தப்ப முடியாது. போன மாதம் என் பேத்திக்கு எஞ்சினியரிங் படிக்க இடம் கிடைத்தது. "எல்லாம் நானே படிச்சது பாட்டி, யாரும் ஹெல்ப் பண்ணல" என்றாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் குனிந்து, எங்கேயாவது சொட்டுகிறதா என்று பார்த்தேன்.